பாதி விலைக்கு ஒரு ராக்கி

என் மகள் இந்தக் கோடையில் ஐஸ்கிரீம் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். சம்பாதித்துக் குடும்பத்தைத் தாங்கப்போகிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் சம்பளம் அவள் வாங்கும் செருப்புக்கே காணாது. நேற்று சாயங்காலம் வேலை முடிந்ததும் அழைத்துவரப் போனேன். காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள். அவள் தலைமுடியிலிருந்து வெனிலாவும் வெண்ணெயும் சூட்டில் லேசாகக் கருகிய மாவும் கலந்த ஒரு வாசனை வந்தது. வேஃபிள் கோன் சுடுகிற வாசனை. சிக்னலில் பச்சை விழுந்ததைக்கூடக் கவனிக்காமல் உட்கார்ந்திருந்தேன் போலிருக்கிறது. "அம்மா, இட்ஸ் க்ரீன்" என்று தோளைத் தட்டினாள். அதற்குள் பின்னால் நின்றவர் ஹார்னில் கையை வைத்துவிட்டார். இந்த விஷயத்தில் நியூ ஜெர்சிக்காரர்கள் நம் ஊர் பஸ் டிரைவர்களுக்குக் கொஞ்சமும் சளைத்தவர்கள் இல்லை.

எனக்கு அது ஃபரீதாவின் வாசனை. மான்மவுத் ஜங்ஷனில் எங்கள் அப்பார்ட்மெண்டுக்கு எதிர் பில்டிங்கில் இருந்தாள். அவளுடைய வாப்பா கீழக்கரைக்காரர். ஃபோன் கார்டு, ஊதுபத்தி, பொன்னி அரிசி எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கிற கடை ஒன்று வைத்திருந்தார். ஃபரீதா இங்கேயே பிறந்தவள். அதனால் அவளுக்கு மட்டும் கோடை விடுமுறையில் வேலைக்குப் போக உரிமை இருந்தது. இரண்டாயிரத்து ஒன்றாம் ஆண்டுக் கோடை முழுவதும் அவள் ஒரு சின்ன ஐஸ்கிரீம் கடையில் தொப்பி போட்டுக்கொண்டு நின்றாள். நானும் செந்திலும் அந்தக் கடையின் மூலை மேஜையில் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு வேலைக்குப் போக அனுமதி இல்லை.

அப்பாவின் வேலை விசாவைப் பிடித்துக்கொண்டு வந்த பிள்ளைகளுக்கு எச்-ஃபோர் என்று பெயர். ரயில் பயணத்தில் பெட்டியோடு சேர்த்துக் கட்டிய தண்ணீர்க் கூஜா மாதிரி. படிக்கலாம், விளையாடலாம், டாக்டரிடம் போகலாம், சம்பாதிக்கக் கூடாது. பள்ளியில் எல்லாரும் பர்கர் கடை, நீச்சல் குளம் என்று வேலைக்குப் போகையில் நாங்கள் இரண்டு பேரும் லைப்ரரியில் இலவசமாகப் புத்தகம் அடுக்கினோம். அதற்கு வாலண்டியர் என்று கௌரவமான பெயர் இருந்தது. கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு அட்டையும் கொடுத்தார்கள். அந்த அட்டையை நான் சாப்பிடும்போதுகூடக் கழற்றவில்லை என்று அம்மா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

செந்திலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கரூர்க்காரன். பதின்மூன்று வயதில் வந்தவன் என்பதால் அவன் தமிழ் சேதாரமில்லாமல் இருந்தது. எட்டு வயதில் வந்த என் தமிழ் பாதி வீட்டுத் தமிழ், பாதி கார்ட்டூன். என்னைவிட ஒரு வகுப்பு மேலே. அந்த செப்டம்பரில் அவனும் ஃபரீதாவும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் நான் பதினொன்றுக்கும் போக வேண்டும். எவ்வளவு வெயில் அடித்தாலும் முழுக்கைச் சட்டையை இஸ்திரி போட்டு பேண்ட்டுக்குள் விட்டுக்கொண்டுதான் வருவான். அமெரிக்கப் பிள்ளைகள் கிழிந்த ஜீன்ஸைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்பான். கோன் ஐஸ்கிரீமை ஸ்பூனால் சாப்பிடுவான். நக்கிச் சாப்பிடுவது அவனுக்குக் கூச்சம். ஸ்பூனால் வழித்துச் சாப்பிட்டுவிட்டு வெறும் கோனை என்னிடம் நீட்டுவான். நான் அதைக் கடித்துத் தின்பேன். கோடை முழுவதும் ஐஸ்கிரீம் அவனுக்கு, கோன் எனக்கு. இதற்கு என்ன பெயர் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

கொஞ்சம் சொல்லவும் செய்தோம். லைப்ரரியில் பேசக்கூடாது. அதிலும் இங்கிலீஷில் பேசினால் எல்லாருக்கும் கேட்கும். ஆகவே தமிழ் எங்களுக்கு வசதியாக இருந்தது. சமையல் புத்தக அலமாரிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். புத்தகங்களுக்கு நடுவில் இருந்த சந்தில் அவன் சட்டைப் பொத்தான் மட்டும் தெரிந்தது.

"உன்ற கூட இருக்கறப்ப இந்த ஊரு பரவால்ல" என்றான்.

அவனுடைய 'என்ற', 'உன்ற' எல்லாவற்றையும் கிண்டல் செய்கிறவள் நான். அன்றைக்குக் கிண்டல் வரவில்லை. "எனக்கும்" என்று சொல்லிவிட்டு, அவசரமாகப் புத்தக வண்டியைத் தள்ளினேன். அது நேராகப் போய் ஒரு தாத்தாவின் நாற்காலியில் மோதியது. என்னுடைய காதல் காட்சி இவ்வளவுதான். இதற்கு மேல் நீங்கள் எதிர்பார்த்திருந்தால் என் மேல் தப்பில்லை.

அந்த வருஷம் கம்ப்யூட்டர் கம்பெனிகள் ஒவ்வொன்றாகப் படுத்துக்கொண்டிருந்தன. பிள்ளைகளாகிய எங்களுக்கு அது எப்படித் தெரிந்தது என்றால், பகல் நேரத்தில் அங்கிள்களைப் பார்க்கத் தொடங்கினோம். காலையில் டை கட்டிக்கொண்டு ரயிலுக்கு ஓடுகிற ஆட்கள் பதினோரு மணிக்குக் கைலியோடு மெயில் பாக்ஸைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். செந்திலின் அப்பாவை முதலில் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். வேலை இல்லை, ஆனால் கம்பெனியில் பெயர் இருக்கிறது என்பதற்குப் பெஞ்ச் என்று சொல்வார்கள். பிறகு பெஞ்சையும் எடுத்துவிட்டார்கள்.

எல்லாரும் ஆக்கிக் கொண்டுவந்து கூடிச் சாப்பிடுகிற எங்கள் வீட்டு பாட்லக் விருந்தில் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. வேலை போனபின் இந்த விசாவில் எத்தனை நாள் தங்கலாம் என்று ஆளுக்கொரு சட்டம் சொன்னார்கள். பத்து நாளில் கிளம்ப வேண்டும் என்றார் ஒரு அங்கிள். இரண்டு மாதம் வரைக்கும் கண்டுகொள்ள மாட்டார்கள் என்றார் இன்னொருவர். பிரியாணியில் எலுமிச்சை பிழிந்துகொண்டே மூன்றாமவர், "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார், என் கோ-பிரதர் ஒரு வருஷம் இருந்தாரு" என்றார். செந்திலின் அப்பா எல்லாருக்கும் தலையாட்டினார். சாப்பிட்ட தட்டை அவரே கழுவி வைத்துவிட்டுப் போனார். வேறு கம்பெனி கிடைக்கவில்லை. ஆகஸ்ட் நடுவில் டிக்கெட் போட்டுவிட்டார். மாதக் கடைசியில் பயணம்.

ஐஸ்கிரீம் கடையில் செந்தில் இதைச் சொன்னபோது நான் கோனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஃபரீதாதான் கவுண்டரைத் துடைப்பதை நிறுத்திவிட்டு எங்கள் மேஜைக்கு வந்தாள். அவள் அப்படித்தான். பிரச்சினை என்றால் உடனே ஒரு பிளான் போட்டாக வேண்டும்.

"ஹேய், செந்தில் உங்க வீட்லயே ஸ்டே பண்ணிக்கலாம்ல? ஜஸ்ட் ஒன் இயர். சீனியர் இயர் முடிச்சிட்டு, காலேஜ் அப்ளை பண்ணிட்டுப் போகட்டும்."

"எங்க வீட்லயா?"

"பின்ன எங்க வீட்லயா? வாப்பா என்னை நெக்ஸ்ட் ஃப்ளைட்ல ஊருக்கு ஷிப் பண்ணிருவாரு."

செந்திலின் முகத்தில் சட்டென்று வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். அதைப் பார்த்த பிறகு எனக்கு வேறு எதுவும் முக்கியமாகப் படவில்லை. அவன் இங்கேயே இருக்க வேண்டும். அதற்காக நான் என்ன வேண்டுமானாலும் செய்யத் தயாராக இருந்தேன். பதினாறு வயதில் 'என்ன வேண்டுமானாலும்' என்று சொல்வது ரொம்ப சுலபம்.

அம்மாவிடம் வக்கீல் மாதிரி வாதாடத் தயார் செய்துகொண்டு போனேன். கடைசி வருஷத்தில் பள்ளி மாறினால் படிப்பு கெடும், அங்கே சிலபஸ் வேறு, மூன்று வருஷம் பிந்திப்போவான் என்று அடுக்கினேன். அம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் மறுப்பாள், நான் அழுவேன், அப்பா நடுவில் வருவார் என்றெல்லாம் கணக்குப் போட்டிருந்தேன். அதற்கு வேலையே இல்லாமல் போய்விட்டது.

"நல்ல யோசனையால்ல இருக்கு. நானும் எங்க சித்தப்பா வீட்ல இருந்துதான படிச்சேன்" என்றாள். அம்மாவுக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். பள்ளிக்கூடத்துக்காகச் சித்தப்பா வீட்டில் வளர்ந்தவள். ஒரு வீட்டுப் பிள்ளை இன்னொரு வீட்டில் தங்கிப் படிப்பது அவளுக்குச் சோறு தின்கிற மாதிரி சாதாரண விஷயம். அப்பாவும் உடனே, "ஒரு தட்டு கூட வச்சா நாம குறைஞ்சா போயிருவோம்?" என்று சொல்லிவிட்டார். அப்பா ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை பார்த்தார். நாங்களும் கிரீன் கார்டுக்காகக் காத்திருந்தவர்கள்தான். நாளை நமக்கும் இப்படி ஆகலாம் என்ற பயம் அவருக்கு இருந்திருக்க வேண்டும்.

அன்றைக்கே இரண்டு அம்மாக்களும் கட்டிப்பிடித்து அழுதார்கள். செந்திலின் அம்மா சரோஜா ஆன்ட்டி என் தலையைத் தடவி, "நீ நல்லா இருப்ப கண்ணு" என்றார். நான் தரையில் நடக்கவில்லை. அன்றிரவு அம்மா துணி மடித்துக்கொண்டே, "ஆனா ஒண்ணு" என்றாள்.

அம்மாவின் 'ஆனா ஒண்ணு' எங்கள் குடும்பத்தில் பிரசித்தம். அது ஒருபோதும் ஒன்றோடு நிற்காது.

"சொந்தக்காரப் பையன்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக. வேத்துப் பையன், வயசுப் பிள்ளை இருக்கற வீட்ல. நாலு பேரு நாலு விதமா பேசுவாக. அவன சொந்தமாக்கிருவோம்."

சொந்தமாக்குவது என்றதும் என் நினைப்பு எங்கெல்லாமோ ஓடியது. நம் ஆட்களிடம் சொந்தத்தில் எத்தனையோ முறை உண்டு. மாமன் மகன் என்பதும் சொந்தம்தான். அம்மா அந்தப் பக்கம் போகவில்லை. பக்கத்து வீட்டு குஜராத்தி ஹன்சா ஆன்ட்டி தன் பெண்ணை அப்பார்ட்மெண்டில் கண்ணில் பட்ட பையன்களுக்கெல்லாம் வருஷா வருஷம் ராக்கி கட்ட வைப்பார். அந்த வழக்கத்தின் மேல் அம்மாவுக்கு வெகுநாளாக ஒரு மோகம். ஒரு கயிறு, ஒரு பொட்டு, வேலை முடிந்தது, இனி யாரும் வாயைத் திறக்க முடியாது.

"நம்ம ஆளுங்க இதெல்லாம் பண்றதில்லையேம்மா" என்றேன்.

"பீட்சா மட்டும் நம்ம ஆளுகளா கண்டுபிடிச்சாக? திங்கலையா?"

"ராக்கி முடிஞ்சு போச்சும்மா. ரெண்டு வாரம் ஆச்சு."

"அதான் சல்லிசா கிடைக்கும்" என்றாள். மறுநாளே எடிசனில் இந்தியக் கடைகள் வரிசையாக இருக்கிற ஓக் ட்ரீ ரோட்டுக்குப் போய் மிச்சம் மீதி ராக்கிகளைப் பாதி விலைக்குக் கொட்டி வைத்திருந்த கூடையிலிருந்து பொறுக்கி இரண்டு வாங்கி வந்தாள். ஒன்று அறுந்துவிட்டால் இருக்கட்டும் என்று இன்னொன்று.

மறுபடி ஐஸ்கிரீம் கடை. மூலை மேஜை. விஷயம் ரொம்ப எளிது, அதுதான் கொடுமை. கட்டினால் அவன் இருப்பான், அண்ணனாக. கட்டாவிட்டால் போய்விடுவான். ஏன் கட்ட மாட்டேன் என்று அம்மா கேட்டால் சொல்ல என்னிடம் ஒரு பதில்தான் இருந்தது. அதைச் சொன்னால் அவன் அந்த நிமிஷமே போக வேண்டியதுதான்.

"இட்ஸ் ஜஸ்ட் எ த்ரெட் டீ" என்றாள் ஃபரீதா. "நீங்க என்ன நார்த் இண்டியன்ஸா? உங்களுக்கு அது கவுண்ட்டே ஆகாது."

இந்த வாதம் எனக்குப் பிடித்திருந்தது. நமக்கு இல்லாத வழக்கம் நம்மை எப்படிக் கட்டும்? நான் செந்திலைப் பார்த்தேன். அவன் ஸ்பூனை வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். ஐஸ்கிரீம் உருகி அவன் விரலில் வழிந்தது.

"கட்டிரு" என்றான். "இங்கயே இருக்கலாமல்ல?"

அப்புறம் யோசனையாகக் கோனைக் கடித்தான். அன்றைக்கு அவன் அதை என்னிடம் நீட்ட மறந்துவிட்டான். நானும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு ஹாலில் விசேஷம். ஹன்சா ஆன்ட்டி ஆலோசகராக வந்திருந்தார். ஆனால் அம்மா அவரைப் பேசவே விடவில்லை. குங்குமம், ஆரத்தி, கேசரி, வெற்றிலை பாக்கு என்று அது ஏறக்குறைய நிச்சயதார்த்தம் மாதிரியே ஆகிவிட்டது. சரோஜா ஆன்ட்டி எனக்கு வைத்துக்கொடுக்கத் தட்டில் மஞ்சள் கிழங்கு, பூ, ஒரு ரவிக்கைத் துணி எடுத்து வந்திருந்தார். அப்பா கேமராவோடு நாற்காலி மேல் ஏறி நின்றார். ஃபரீதா சோபா ஓரத்தில் உட்கார்ந்து கேசரியைக் கிளறிக்கொண்டே என்னைப் பார்க்காமல் இருந்தாள். ராக்கி பெரிய சிவப்பு ஸ்பாஞ்சுப் பூ. நடுவில் தங்க நிற பிளாஸ்டிக். சுவர்க் கடிகாரத்தைக் கையில் கட்டிய மாதிரி இருந்தது.

செந்தில் முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றி, மணிக்கட்டை நீட்டினான். அதுவரை நான் அவன் கையைத் தொட்டதே இல்லை. கோன் வாங்கும்போதுகூட விரல் படாமல் வாங்குவேன், அதில் எனக்கு ஒரு பெருமை. முதல் முதலாக அவன் கையைத் தொட்டது ராக்கி கட்டத்தான். அவன் மணிக்கட்டு சூடாக இருந்தது. முடிச்சு விழவில்லை. இரண்டு தரம் நழுவியது. "இறுக்கிக் கட்டுடி, அவுந்துரப் போகுது" என்றாள் அம்மா. இறுக்கினேன்.

"அண்ணான்னு கூப்பிடு."

கூப்பிட்டேன். எல்லாரும் கை தட்டினார்கள். செந்தில் எழுந்து நின்று அம்மாவிடம், "நான் பாத்துக்கறனுங்க ஆன்ட்டி" என்றான். மனப்பூர்வமாகச் சொன்னான். அந்த மூன்று வார்த்தையில் எனக்குப் பயம் வந்தது. கயிறு கவுண்ட் ஆகாது என்று ஃபரீதா சொல்லலாம், நானும் நம்பலாம். செந்தில் அப்படிப்பட்டவன் இல்லை. வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான்.

மறுநாள் அவனுடைய படிப்பு மேஜையும் மெத்தையும் எங்கள் வீட்டுக்கு வந்தன. அப்பாவும் செந்திலின் அப்பாவும் மாடிப்படியில் திருப்ப முடியாமல் திருப்பி, வியர்க்க வியர்க்கத் தூக்கி வந்தார்கள். அதே சுறுசுறுப்போடு இருவரும் பள்ளிக்கூடத்துக்குப் போய் அவன் விலாசத்தை மாற்ற வேண்டும் என்றார்கள். அங்கே இருந்த அம்மாள் ரொம்ப மரியாதையாகப் பேசினாராம். பையனுடைய விசா என்ன, முதலில் ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்றாராம். அப்பா தனக்குத் தெரிந்த வக்கீலுக்கு எங்கள் வீட்டிலிருந்தே போன் செய்தார். நாங்கள் எல்லாரும் சுற்றி நின்றோம். அப்பா, "யெஸ்... யெஸ்... ஐ ஸீ" என்றார். மறுபடி, "ஐ ஸீ" என்றார். போனை வைத்தார்.

"அப்பா விசா போச்சுன்னா பையன் விசாவும் போச்சாம். இவங்க போன பிறகு அவன் சட்டப்படி இங்க தங்க முடியாதாம்."

வேலை போன நாளிலிருந்து விசா விசா என்று பேசியவர்கள், அவன் எங்கள் வீட்டில் தங்குவது என்று ஆனதும் அதை மறந்தே போயிருந்தார்கள். கோவில்பட்டியில் சித்தப்பா வீட்டில் தங்க யாரும் விசா கேட்டதில்லை. எந்த அறை, எந்தத் தட்டு, எந்த முறை, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று எல்லாவற்றையும் யோசித்தோம். அந்த நாலு பேரில் அமெரிக்க அரசாங்கமும் ஒருவர் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

"இத மொதல்லயே கேட்டிருக்கலாம்ல?" என்றாள் அம்மா.

"உனக்கு ராக்கி வாங்கவே நேரம் சரியா இருந்துச்சு" என்றார் அப்பா. அதற்குப் பிறகு இருவரும் இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை.

எனக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவன் போவதைக்கூடத் தாங்கியிருப்பேன் என்று தோன்றியது. அவன் என்னவாகப் போகிறான் என்பதுதான் தாங்கவில்லை. கட்டாமல் இருந்திருந்தால், போனாலும் அவன் செந்திலாகப் போயிருப்பான். ஒரு தபாலில், ஒரு போனில், என்றைக்காவது ஒரு நாள் என்று நினைத்துக்கொள்ளவாவது இடம் இருந்திருக்கும். இப்போது இருப்பதும் இல்லை, அதுவும் இல்லை.

ஃபரீதா கடையிலிருந்து கத்தரிக்கோலே கொண்டுவந்தாள். "கட் பண்ணிடு செந்தில். இப்ப அதுக்கு ரீசனே இல்லல்ல?"

செந்தில் முழுக்கைச் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான். "ஆன்ட்டி பாத்தா வருத்தப்படுவாங்க" என்றான். அவனுடைய அம்மாவும், அது தானாக அறுந்து விழும்வரை கழற்றக்கூடாது என்று சொல்லியிருந்தாராம். இந்த நல்ல குணத்துக்காகத்தான் எனக்கு அவனைப் பிடித்தது. அந்தக் கடைசி வாரத்தில் அதற்காகவே அவனை நாலு அறை அறையலாம் போல இருந்தது. லைப்ரரிக்கு வந்தான், வண்டியைத் தள்ளினான், அலமாரிக்கு அந்தப் பக்கம் நின்றான். பேசவில்லை. நான் புத்தகங்களைத் தாறுமாறாக அடுக்கினேன். சமையல் புத்தகங்களுக்கு நடுவில் டைனோசர் இருந்தால் அது என் கைங்கரியம்.

ஊருக்குத் திரும்புகிறவர்கள் வீட்டுச் சாமான்களைத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போவது அப்போது எழுதாத சட்டம். சரோஜா ஆன்ட்டியின் மிக்ஸி ஒரு வீட்டுக்கு, ரைஸ் குக்கர் இன்னொரு வீட்டுக்கு, சோபா மூன்றாம் வீட்டுக்கு என்று நாலா பக்கமும் போயிற்று. செந்திலின் மேஜை எங்கள் வீட்டிலேயே இருக்கட்டும் என்றார்கள். அதில் உட்கார்ந்துதான் நான் மேலே இரண்டு வருஷம் படித்தேன். மேஜை வந்தது, ஆள் வரவில்லை.

அந்த நாளில் யாராவது ஊருக்குப் போனால் அப்பார்ட்மெண்டே திரண்டு ஏர்போர்ட்டுக்குப் போகும். நாலைந்து கார், அலுமினியத் தட்டுகளில் புளியோதரை, தயிர்சாதம். நெவார்க்கில் டிக்கெட் இல்லாதவர்களும் சோதனை வாசலைத் தாண்டி, விமானம் ஏறும் கேட் வரைக்கும் போகலாம். சாவிக்கொத்தை ஒரு தட்டில் போட்டுவிட்டு நடந்தால் போதும். கேட் எதிரே நாற்காலிகளைப் பிடித்து உட்கார்ந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விமானத்தைப் பார்த்துக்கொண்டே எல்லாரும் புளியோதரை சாப்பிட்டோம். ஒன்றும் ஆகாது என்று சொன்ன அங்கிளும் வந்திருந்தார். நன்றாகச் சாப்பிட்டார்.

ஃபரீதா தன்னாலானதைச் செய்து பார்த்தாள். "செந்தில், வா, மேகஸீன் வாங்கலாம். நீயும் வா டீ" என்று எங்களைக் கிளப்பினாள். நாங்கள் எழுந்ததும், "இருங்க, அண்ணனும் தங்கச்சியும் ஒரு போட்டோ எடுத்துக்குங்க" என்று அம்மாவும் எழுந்துவிட்டாள். எடுத்துக்கொண்டோம். அதற்குள் ஏறச் சொல்லி அறிவித்தார்கள். ஃபரீதா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கு அழுகைகூட வரவில்லை.

சரோஜா ஆன்ட்டி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு வந்தார். "தங்கச்சிகிட்ட சொல்லிட்டு வா கண்ணு" என்றார் மகனிடம்.

செந்தில் என் முன்னால் வந்து நின்றான். இரண்டு அப்பா, இரண்டு அம்மா, புளியோதரைத் தட்டோடு பாதி அப்பார்ட்மெண்ட். அவன் வாய் திறந்தது. என்ன சொல்ல நினைத்தான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கரூர்ப் பக்கம் அண்ணன்மார் தங்கையைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்களாம்.

"வர்றேன் பாப்பா" என்றான்.

"சரிண்ணா" என்றேன்.

அவன் அந்தக் குழாய் மாதிரியான பாதைக்குள் போனான். திரும்பிப் பார்த்தானா என்று கேட்டால், பார்த்தான். ஆனால் எல்லாரையும் பார்த்துக் கையாட்டினான்.

அம்மா எதையும் பாதியில் விடுகிறவள் இல்லை. பல வருஷம் கழித்துக் கோவில்பட்டியில் எனக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு மாலை போட்டு, மோதிரம் போட்டு, கைபிடித்து மேடைக்கு அழைத்துவரப் பெண்ணுக்கு அண்ணனோ தம்பியோ வேண்டும். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. "ஏன், செந்தில் இருக்கான்ல" என்றாள் அம்மா. கரூரிலிருந்து முதல் நாளே வந்துவிட்டான். முழுக்கைச் சட்டை, இஸ்திரி. மாலையைப் போட்டான், மோதிரத்தைப் போட்டான், என் கணவரின் கையைப் பிடித்து அழைத்து வந்து எனக்குப் பக்கத்தில் உட்காரவைத்தான். பந்தியில் நின்று பரிமாறினான். என் கணவர் இப்போதும் அவனிடம் போனில், "என்ன மச்சான்" என்றுதான் ஆரம்பிப்பார். இரண்டு பேரும் கிரிக்கெட் பேசுவார்கள். நல்ல மனிதர்கள் இரண்டு பேருமே. நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஐஸ்கிரீம் கடை இருந்த இடத்தில் இப்போது பல் டாக்டர் இருக்கிறார். வீட்டுச் சாமானை யாரும் யாருக்கும் கொடுத்துவிட்டுப் போவதில்லை, படம் பிடித்து விலை போட்டுவிடுகிறார்கள். ஃபரீதா டெக்ஸாஸில் இருக்கிறாள். பிறந்தநாளுக்கு மட்டும் பேசிக்கொள்கிறோம். செந்தில் பெயரை இருவருமே எடுப்பதில்லை.

செந்தில் போன மறு மாதம், செப்டம்பர் பதினொன்றாம் தேதி, நியூயார்க்கில் என்ன நடந்தது என்று உலகத்துக்கே தெரியும். அதோடு டிக்கெட் இல்லாதவர்கள் கேட் வரை போவது நின்றுபோயிற்று. எங்கள் கூட்டம்தான் எங்களுக்குத் தெரிந்து அங்கே புளியோதரை சாப்பிட்ட கடைசிக் கூட்டம். இப்போது யாரையாவது வழியனுப்பப் போனால் ரோட்டோரத்தில் இறக்கிவிட்டுப் பெட்டியை எடுத்துக் கொடுப்பதற்குள் போலீஸ்காரர் நகரு நகரு என்கிறார். ஒருவர் முன்னால் ஒருவர் நின்று, என்ன சொல்வது என்று தெரியாமல் விழிக்க அங்கே இடமே இல்லை. அந்தக் கேட்டில் இன்னும் ஒரு நிமிஷம் கிடைத்திருந்தால் அவன் வேறு ஏதாவது சொல்லியிருப்பானோ என்று ரொம்ப நாள் நினைத்திருக்கிறேன். சொல்லியிருக்க மாட்டான். அம்மா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.